வி.எஸ். கோடில் எந்த பைத்தான் ஓடுகிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்தில் விசைப்படகுகள் நங்கூரம் போட்டுக் கிடந்த அந்த 61 நாளில்தான் சித்தப்பா மகன் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்க உட்கார்ந்தான். நண்டு எடைக் கணக்கை ஒரு சி.எஸ்.வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஏற்றி, பாண்டாஸ் என்ற பைத்தான் தொகுப்பைக் கொண்டு கூட்டப் பார்த்தான். பாண்டாஸை நிறுவியிருந்தும், ஓட்டும்போதெல்லாம் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' (தொகுப்பு கிடைக்கவில்லை) என்றே வந்தது. இரண்டு நாள் அதிலேயே போனது. அவன் எழுதியதில் பிழையே இல்லை. கணினியில் இரண்டு பைத்தான் இருந்தன. பாண்டாஸ் இருந்தது ஒன்றில், எடிட்டரான வி.எஸ். கோட் கூப்பிட்டது இன்னொன்றை.

எடிட்டர் எழுதுவதற்கு. எழுதியதைப் படித்து ஓட்டுவது இன்டர்ப்ரெட்டர். வள்ளம் வேறு, அதில் மாட்டுகிற எஞ்சின் வேறு. எது வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

படி 1: பைத்தானின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். விண்டோஸில் 'ஆட் பைத்தான் டு பாத்' என்ற கட்டம் வந்தால் டிக் போட மறக்காதீர்கள்.

படி 2: வி.எஸ். கோடில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எக்ஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பைத்தான் என்று தேடுங்கள். மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்டென்ஷனை (எடிட்டரில் சேர்க்கும் கூடுதல் வசதி) நிறுவுங்கள்.

படி 3: ஒரு ஃபோல்டரைத் திறந்து, புதுக் கோப்பை டாட் பி.ஒய் (.py) என்று முடியும் பெயரில் சேமியுங்கள். மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே வைக்கலாம். எடை = 12 + 8 என்று எழுதினால் பைத்தான் 3 அப்படியே ஏற்கும். எனக்கு இது பெரிய சந்தோஷம். விடையைக் காண அடுத்த வரியில் print(எடை) என்று எழுதுங்கள்.

படி 4: இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி 'பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினியில் உள்ள பைத்தான்கள் வரிசையாக வரும். பதிப்பு எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் உள்ள பாதையையும் (அந்தப் பைத்தான் கணினியில் இருக்கும் இடம்) படியுங்கள். இரண்டு வரிகளைப் பிரித்துக் காட்டுவது அந்தப் பாதைதான். தேர்ந்தெடுத்ததும் வலது கீழ் மூலையில் பதிப்பு எண் தெரியும்.

படி 5: வலது மேல் மூலையில் உள்ள முக்கோணத்தை அழுத்துங்கள். விடை கீழே டெர்மினல் என்ற பகுதியில் வரும்.

சந்தேகம் வந்தால் பைத்தானையே கேட்கலாம். முதல் வரியில் பைத்தானோடு வரும் சிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து (import sys), அடுத்த வரியில் சிஸ் டாட் எக்ஸிகியூட்டபிள் என்பதைப் பிரிண்ட் செய்யுங்கள் (print(sys.executable)). ஓடுகிற பைத்தான் இருக்கும் இடத்தை முழுதாகக் காட்டும்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். பாதை வேறாக இருந்தது. படி 4-க்குத் திரும்பி, பட்டியலில் மற்றதைத் தொட்டோம். ஒரு எழுத்தும் மாற்றாமல் நண்டு எடையின் மொத்தம் திரையில் வந்து நின்றது.