மூடிய டிரெய்லரில் இரண்டு பைக்: முதலில் தரையைக் கவனியுங்கள்

இரண்டு மோட்டார் பைக்கை ஏற்றிச் செல்ல டிரெய்லரைத் தயார்செய்ய, தரையில் துளையிட டிரில்லை எடுப்பதற்கு முன் பைக்குகளை உள்ளே ஏற்றி நிறுத்திப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேராக நிறுத்தினால் ஹேண்டில்பார்கள் முட்டிக்கொள்ளும். ஒன்றை ஓர் அடி பின்னுக்குத் தள்ளினால் பெரும்பாலும் விலகிவிடும். முன்சக்கரம் நிற்கும் இடம், பைக்கைக் கட்டும் ஸ்ட்ராப்கள் தரைக்கு வரும் இடம், கதவு மூடத் தேவையான இடைவெளி எல்லாவற்றையும் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

எடைக் கணக்கைத் தாளில் போட்டுவிடுவது நல்லது. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,350 கிலோ, டிரெய்லரின் வெற்று எடை 600 கிலோ என்றால் மீதி 750 கிலோ. 220 கிலோ பைக் இரண்டு போனால் 310 கிலோதான் மிஞ்சும். அலமாரி, கருவிகள், ஸ்பேர் டயர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 18 மி.மீ. பிளைவுட் மட்டுமே சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கி) மேல் இறங்கும் பாரம், இழுக்கும் வண்டியின் கையேடு சொல்லும் வரம்புக்குள் இருக்கட்டும். அது குறைந்தால் வேகமெடுக்கும்போது டிரெய்லர் பக்கவாட்டில் அலையும். கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, ஸ்டியரிங் பிடிப்பு குறையும். கனமான அலமாரியை முன்சுவரில் வைத்தால், பைக்குகளைச் சற்றுப் பின்னே நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

இந்த வேலையில் எதையும் விட முக்கியம் டி-ரிங்தான், அதாவது ஸ்ட்ராப்களை மாட்டத் தரையில் பொருத்தும் இரும்பு வளையம். பிளைவுட்டில் மர ஸ்க்ரூ போட்டு மாட்டியது நிலைக்காது. பலகை நனைந்து காயக் காய ஸ்க்ரூவின் பிடி தளரும். அவசர பிரேக்கில் ரிங் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சேசிஸின் (டிரெய்லரின் அடிச்சட்டம்) குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து 10 மி.மீ. போல்ட், அதிர்வில் கழலாத நைலாக் நட் போட்டு இறுக்குங்கள். சட்டம் கிடைக்காத இடத்தில், பலகைக்கு அடியில் 5 மி.மீ. இரும்புத் தகடு கட்டாயம். துளையிடும் முன் கீழே படுத்து ஒயரும் பிரேக் லைனும் எங்கே போகின்றன என்று பாருங்கள். துளைகளை சீலன்ட் வைத்து அடைக்காவிட்டால் பலகை உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும்.

ஒரு பைக்குக்கு வீல் சாக் (முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் தாங்கி) ஒன்று, ஸ்ட்ராப் நான்கு. முன் ஸ்ட்ராப்களை ஹேண்டில்பாரில் மாட்டாமல், சாஃப்ட் லூப் (மென்மையான நாடா வளையம்) போட்டு ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) கீழ் கிளாம்பில் மாட்டி, முன்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் இழுங்கள். ஃபோர்க் பாதி அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கினால் ஆயில் சீலுக்குக் கேடு. தளர விட்டாலோ, பள்ளத்தில் ஃபோர்க் அமுங்கும்போது ஸ்ட்ராப் தொய்ந்து கொக்கி கழன்றுவிடும். பின் ஸ்ட்ராப் இரண்டும் பின்சக்கரம் துள்ளி நகராமல் பிடிப்பதற்கு. அவற்றுக்கு மிதமான இறுக்கம் போதும். சைடு ஸ்டாண்டை மடக்கிவிடுங்கள், இறுக்கும் பாரம் அதன் மேல் விழுந்தால் வளைந்துவிடும். ஸ்ட்ராப் வாங்கும்போது லேபிளில் அறுபடும் எடையை விட்டுவிட்டு, வேலைப் பாரம், அதாவது பாதுகாப்பாகத் தாங்கும் எடை, எவ்வளவு என்று பாருங்கள். முன் ஸ்ட்ராப் இரண்டின் வேலைப் பாரத்தைக் கூட்டினாலே பைக்கின் எடையைத் தாண்ட வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். கூரையில் மட்டும் காற்றுத்துளை வைத்தால் அது வெளியேறாது; பக்கச் சுவரின் அடியிலும் ஒன்று வையுங்கள். உள்ளே பேட்டரி சார்ஜ் போடவே கூடாது.

கிளம்பி இருபது, முப்பது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லா ஸ்ட்ராப்பையும் மறுபடி இறுக்குங்கள். புது ஸ்ட்ராப் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் நீளும்.