டெல்லி–சான்பிரான்சிஸ்கோ: வான்தூரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைதூர நகரங்களுக்கு இடையிலான வான்தூரத்தைக் கணக்கிடப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எண்ணை மாற்றித் தட்டுவது போன்றவற்றை விட்டுவிடுவோம். விடை நம்பும்படியாக இருந்தும் தவறாக இருப்பதுதான் ஆபத்து. டெல்லி விமான நிலையம் 28.57 வடக்கு, 77.10 கிழக்கு, சான்பிரான்சிஸ்கோ 37.62 வடக்கு, 122.38 மேற்கு. இவற்றையே வைத்துப் பார்ப்போம்.

டிகிரியை அப்படியே கிலோமீட்டராக்குவது

பெரிய தவறு இதுதான். ஒரு டிகிரி 111 கி.மீ. என்று எங்கோ படித்ததை வைத்து, அட்சரேகை வித்தியாசத்தையும் தீர்க்கரேகை வித்தியாசத்தையும் பித்தாகரஸ் தேற்றத்தில் போட்டுவிடுகிறார்கள். அட்சரேகைக்கு 111 சரி. தீர்க்கரேகைக்கோ அது நிலநடுக்கோட்டில் மட்டுமே பொருந்தும்; 60 டிகிரி அட்சரேகையில் பாதியாகச் சுருங்கி, துருவத்தில் பூஜ்யமாகிவிடும்.

இன்னொரு சிக்கல்: 77.10-ஐயும் 122.38-ஐயும் கூட்டினால் 199.48. அது 180-ஐத் தாண்டுவதால் 360-இலிருந்து கழித்து 160.52 என்று எடுக்க வேண்டும். கழிக்காமல் விட்டால் 22,000 கி.மீ.க்கு மேல் வரும். பூமியில் எந்த இரண்டு ஊர்களும் சுமார் 20,000 கி.மீ.க்கு மேல் விலகியிருக்க முடியாது. அந்த எண்ணைப் பார்த்ததுமே நிறுத்தியிருக்க வேண்டும். கழித்தாலும் சுமார் 17,850 கி.மீ. வருகிறது. சராசரி அட்சரேகையின் கொசைனால் பெருக்கித் திருத்துகிறவர்களுக்கு ஏறக்குறைய 15,000. அதுவும் தவறு.

சரியான விடை 12,380 கி.மீ. பெருவட்டப் பாதை, அதாவது உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை, டெல்லியிலிருந்து கிழக்கே போவதில்லை. வடக்கிலிருந்து 16 டிகிரி மட்டுமே கிழக்காகச் சாய்ந்து கிளம்பி, 75 டிகிரி வடக்கையும் தாண்டி, ஆர்க்டிக் பெருங்கடல் வழியாக இறங்குகிறது. சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் கோடு போட்டால் இது தெரியவே தெரியாது.

இந்த விடையைத் தரும் சூத்திரம் ஹாவர்சைன் முறை: அட்சரேகை வித்தியாசத்தில் பாதியின் சைன் வர்க்கம் 0.0062. தீர்க்கரேகை வித்தியாசத்தில் பாதியின் சைன் வர்க்கத்தை இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களாலும் பெருக்கினால் 0.6757. கூட்டினால் 0.6819, வர்க்கமூலம் 0.8258. அதன் தலைகீழ் சைன் 0.9717 ரேடியன் (டிகிரியைப் போலவே கோணத்தின் ஓர் அலகு). அதை 2 × 6,371-ஆல் பெருக்குங்கள்.

ரேடியன்

எக்செல்லின் சைன் டிகிரியை ஏற்காது; கோணத்தை ரேடியனில்தான் கொடுக்க வேண்டும். டிகிரியைக் கொடுத்தால் பிழை என்று சொல்லாமல் தவறான எண்ணைத் தந்துவிடும்.

மேற்கு

மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் குறி போட மறக்காதீர்கள்.

கலையைத் தசமமாக எழுதுவது

கலை என்பது டிகிரியில் 60-இல் ஒரு பங்கு. 28 டிகிரி 34 கலை என்றால் 28.34 அல்ல, 34-ஐ 60-ஆல் வகுத்தால் 28.57. விட்டால் 25 கி.மீ. போச்சு.

மைல் குழப்பம்

விமானத் துறையில் கடல் மைல்: 1.852 கி.மீ. தரை மைல்: 1.609. 6,685 கடல் மைலைத் தரை மைல் என்று எடுத்தால் 1,600 கி.மீ. குறைந்துபோகும்.

தூரத்தை வேகத்தால் வகுத்துப் பயண நேரம் சொல்வது

ஏர் இந்தியா 2016 அக்டோபரில் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. பறக்கும் தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆகக் கூடியது; நேரமோ குறைந்தது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதே காரணம். அதனால் எழுதும் எண் பெருவட்டத் தூரமா, பறந்த தூரமா என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.