முப்பது நொடி மிதி, நான்கு நிமிட ஓய்வு

வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிறு காலை மட்டும் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் சைக்கிள். இப்படி ஓட்டுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அறுபது கிலோமீட்டர் தாண்டினா கால் நகர மாட்டேங்குது, என்ன பண்றது?" தூரத்தைக் கூட்டுங்கள் என்று சொல்லிவிடலாம். அதற்கு நேரத்துக்கு எங்கே போவது? அதனால் வார நாட்களில் இரண்டு காலை, முக்கால் மணி நேரம் மட்டும் கேட்கிறேன். அதிலும் உயிரைக் கொடுத்து மிதிப்பது மொத்தம் இரண்டு மூன்று நிமிடம்தான்.

நம்பாதவர்களுக்கு ஒரு கணக்கு. 2005இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எட்டுப் பேரை இரண்டு வாரத்தில் ஆறு நாள் மிதிக்க வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் நான்கு முதல் ஏழு முறை, தலா 30 நொடி முழு வேகம்; இடையில் நான்கு நிமிடம் ஓய்வு. ஒரே கடினத்தில் தொடர்ந்து மிதிக்க அவர்களுக்கு முதலில் சுமார் 26 நிமிடம்தான் முடிந்தது, பிறகு 51 நிமிடம் முடிந்தது. தசைக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் வேலைக்கான நொதியும் கூடியிருந்தது. அவர்கள் பழகிய சைக்கிள் வீரர்கள் அல்ல. ஏற்கெனவே நன்றாக ஓட்டுகிறவருக்கு இப்படி இரட்டிப்பாகாது.

இடம் முக்கியம். சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னர் வீட்டில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சிக்னல், குறுக்குச் சந்து, நாய் மூன்றும் இல்லாத நேர்ச்சாலை. தலை குனிந்து மிதிக்கும்போது எதிரே வரும் தண்ணீர் லாரி கண்ணில் படாது. விடிந்த கையோடு முடித்துவிடுங்கள், சென்னை வெயிலில் இது வேண்டாம். நாற்பது தாண்டியவர்களும் பிரஷர், சுகர் உள்ளவர்களும் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சில் வலியோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

முதல் கால் மணி நேரம் சும்மா உருட்டுங்கள். பிறகு நடுத்தர கியர், சீட்டில் உட்கார்ந்தபடியே 30 நொடி முழு வேகம்; இதுதான் ஒரு ஸ்பிரிண்ட். முதல் பத்து நொடி "இவ்வளவுதானா" என்று தோன்றும். பதினைந்தில் தொடை எரியத் தொடங்கும். இருபதுக்கு மேல் கால் சுற்றும் வேகம் தானாகவே குறையும்; கியரை மாற்றாதீர்கள், குறைந்தாலும் மிதித்துக்கொண்டே இருங்கள். முடிந்ததும் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச வந்தால் நீங்கள் சரியாக மிதிக்கவில்லை.

அடுத்தது ஓய்வு. பெரும்பாலானவர்கள் கெடுப்பது இதைத்தான். "நாலு நிமிஷம் வேஸ்ட்" என்று ஒரு நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். முழு வேகத்துக்கான உடனடிச் சக்தி தசையில் மறுபடி நிரம்பச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் புறப்பட்டால் மூன்றாவது ஸ்பிரிண்ட் வெறும் வேகமான ரைடுதான், பலன் வேறு. லேசான கியரில் காலைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். இறங்கி உட்கார்ந்தால் கால் கனத்துப் போகும்.

முதல் இரண்டு வாரம் நான்கு முறை, அப்புறம் ஐந்து, ஆறு. அதற்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை. கடைசியில் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி முடியுங்கள். இரண்டு நாளுக்கும் நடுவே இரண்டு நாளாவது இடைவெளி வேண்டும். செவ்வாய், வெள்ளி எனக்குச் சரிப்படுகிறது.

ஜிம்மில் சொல்லும் டபாடாவைச் செய்யலாமா என்று கேட்பார்கள். ஜப்பானிய ஆய்வாளர் இஸுமி டபாடாவின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வும் சைக்கிள் மீது நடந்ததுதான்: 20 நொடி மிதி, 10 நொடி ஓய்வு, ஏழெட்டுச் சுற்று. ஓய்வே இல்லாத மாதிரி இருக்கும். இரண்டு மாதம் போகட்டும்.

ஞாயிறு ரைடை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரெவே என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு; 200 கிலோமீட்டர் பிரெவேயை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் உள்ளங்கை மரத்துப்போவது, சீட் வலி, ஓட்டிக்கொண்டே சாப்பிடுவது எல்லாம் பழக வேண்டும். எந்த ஸ்பிரிண்டும் அதைச் சொல்லித் தராது. அந்த ரைடு பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகும் வேகத்தில் இருக்கட்டும். முட்டுக்காடு பாலம் தாண்டி எதிர்க்காற்று அடித்தாலும் முறுக்க வேண்டாம், கியரைக் குறையுங்கள்.

பிரெவே வாரத்தில் செவ்வாய் மட்டும், மூன்று ஸ்பிரிண்ட். வெள்ளிக்கிழமை செயினுக்கு எண்ணெய் போட்டு, டியூபில் காற்றைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுங்கள்.