டிரிபிள் ஆப்ஷன் ஓட்டத் தாக்குதலைத் தடுப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பெரும்பாலான அணிகள் பந்தை எறிந்தே ஆட்டத்தை நகர்த்தும் இந்தக் காலத்திலும், ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் ஆகிய மூன்று ராணுவ அகாடமி அணிகள், பந்தை யார் ஏந்தி ஓடுவது என்பதை ஆட்டத்தின் நடுவிலேயே முடிவுசெய்யும் ஆப்ஷன் ஓட்டத்தைக் கைவிடவில்லை. 1968-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் விஷ்போன் என்ற ஆப்ஷன் அணிவகுப்பை அறிமுகப்படுத்திய பிறகு ஓக்லஹோமா, அலபாமா போன்ற பெரிய அணிகளும் அதைக் கைக்கொண்டன. பின்னர் நெப்ராஸ்கா வேறோர் அணிவகுப்பிலிருந்து ஆப்ஷன் ஆடிப் பட்டங்களை வென்றது. 2008 முதல் 2018 வரை பால் ஜான்சனின் ஜார்ஜியா டெக் அணி விஷ்போனின் ஃப்ளெக்ஸ்போன் வடிவத்தை ஆடியது. இன்றைய தற்காப்பு வீரர்களில் பலர் ஆண்டுக்கு ஒருமுறைதான் இதை எதிர்கொள்கிறார்கள். அதற்கென அவர்களுக்குக் கிடைப்பதோ சில நாள் பயிற்சி மட்டுமே. எனவே எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதைப் போலவே எதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது என்பதையும் பயிற்சியாளர் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தத் தாக்குதலின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃப்ளெக்ஸ்போனில், பந்தை முதலில் பெற்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு நேர் பின்னால், பந்தை ஏந்தி ஓடும் ஃபுல்பேக் குனிந்து நிற்பார். முன்வரிசையின் இரு முனைகளிலும் நிற்கும் டேக்கிள்களுக்குச் சற்று வெளியே, ஓரடி பின்தள்ளி, பக்கத்துக்கு ஒரு ஸ்லாட்பேக் நிற்பார். இரு ஓரங்களிலும் பாஸைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவர் இருப்பார். பந்து ஸ்னாப் ஆனதும், அதாவது பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கியதும், குவார்ட்டர்பேக் அதை ஃபுல்பேக்கின் வயிற்றில் வைத்தபடியே, தற்காப்பு முன்வரிசையின் முனையில் தடுக்கப்படாமல் விடப்பட்ட டிஃபென்சிவ் எண்டின் தோள்களைப் பார்க்கிறார். எண்ட் உள்ளே திரும்பாமல் நின்றால் பந்து ஃபுல்பேக்குக்குப் போகிறது, அதுதான் டைவ். எண்ட் ஃபுல்பேக் மீது பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடி, அடுத்து நிற்கும் தடுக்கப்படாத வீரரைப் பார்க்கிறார். அவர் தன்னை நோக்கி வந்தால் பின்னால் ஓடிவரும் ஸ்லாட்பேக்குக்குப் பந்தைத் தட்டிவிடுகிறார், அதுதான் பிட்ச். வராவிட்டால் தானே வைத்துக்கொண்டு ஓடுகிறார். இப்படித் தற்காப்பின் இரண்டு வீரர்களை யாரும் தொடாமலேயே ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுவதால், மீதமுள்ளவர்களைத் தடுக்கத் தாக்குதல் அணிக்குக் கூடுதல் ஆட்கள் கிடைக்கிறார்கள். வீரர்கள் பருமனிலும் வேகத்திலும் பின்தங்கியிருந்தாலும் இந்த முறை எடுபடுவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது; அது அடிக்கடி மறக்கப்படுகிறது. பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு டவுன்கள், அதாவது நான்கு முயற்சிகள், உண்டு. ஆப்ஷன் அணி நான்காவது டவுனில் பந்தை உதைத்துக் கொடுத்துவிடத் தயங்காத அணி என்று எண்ணிவிடக் கூடாது. நடுக்களத்துக்கு அப்பால் இரண்டு யார்டு மட்டும் தேவை என்றால் அது பெரும்பாலும் ஓடிப் பார்க்கும். நான்கு டவுன்களையும் பயன்படுத்தும் அணிக்கு ஒரு டவுனுக்குச் சராசரியாக 2.5 யார்டு போதும். ஆகவே பெரிய ஓட்டத்தை விட்டுக்கொடுக்காமல் பொறுமையாக இருந்தால் எதிரணி தானே தடுமாறும் என்ற வழக்கமான தற்காப்புச் சிந்தனை இங்கே அவ்வளவாகப் பலிப்பதில்லை. 2018 செப்டம்பரில் ஓக்லஹோமாவின் சொந்த மைதானத்தில் ஆர்மி 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடங்களுக்கும் மேலாகப் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது. அந்த ஆண்டு சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்ற கைலர் மர்ரே அந்த நேரமெல்லாம் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. கூடுதல் ஆட்டத்துக்குப் போன பிறகே ஓக்லஹோமாவால் 28-21 என்று வெல்ல முடிந்தது. எனவே தற்காப்பின் இலக்கு ஒவ்வொரு தொடரிலும் குறைந்தது ஒரு டவுனிலாவது எதிரணியை ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் வீழ்த்துவதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு முறை இரண்டு யார்டு பின்வாங்கினால்கூட, மற்றொரு டவுனில் நான்கு யார்டு எடுத்த பிறகும் மூன்றாவது டவுனில் எட்டு யார்டு தேவைப்படும் நிலை வந்துவிடும். அந்த நிலையை இந்தத் தாக்குதல் விரும்புவதே இல்லை.

பொறுப்புகளைப் பிரித்தல்

டைவ், குவார்ட்டர்பேக், பிட்ச் என்ற மூன்றுக்கும் இரு பக்கங்களிலும் ஆள் இருக்க வேண்டும். அணிவகுப்பு இரு பக்கமும் சமமாக இருப்பதால் தற்காப்பும் சமமாகவே நிற்பது நல்லது. நான்கு பேர் முன்வரிசை, மூன்று பேர் முன்வரிசை என எதை வைத்தும் இதைச் செய்யலாம். பழகிய வரிசையை மாற்றாமல், அதற்குள்ளேயே பொறுப்புகளை அமைப்பதே என் பரிந்துரை. ஒரே வாரத்தில் புதிய அணிவகுப்பையும் புதிய விதிகளையும் சேர்த்துப் புகட்டினால் வீரர்கள் யோசித்துக்கொண்டே நிற்பார்கள். முன்வரிசைக்குப் பின்னால் யோசித்து நிற்கும் லைன்பேக்கரைத் தாண்டிப் போக ஃபுல்பேக்குக்கு ஒரு நொடி போதும்.

எளிய அடிப்படை அமைப்பில் எண்ட் டைவை எடுக்கிறார். வெளி லைன்பேக்கர் குவார்ட்டர்பேக்கை எடுக்கிறார். பின்வரிசையில் நிற்கும் சேஃப்டி பிட்ச்சை எடுக்கிறார். இதில் விலக்கில்லாத விதி ஒன்று உண்டு. தன் ஆளிடம் பந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவரை வீழ்த்துவதல்ல, பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரை விடாமல் இருப்பதே வேலை. இந்தத் தாக்குதலுக்கு எதிராக விழும் நீண்ட டச்டவுன்களில் பெரும்பாலானவற்றின் பின்னால், பக்கத்து வீரரின் வேலைக்கு உதவப் போய்த் தன் வேலையை விட்டுவிட்ட உற்சாகி ஒருவர் இருப்பார்.

ஆனால் ஒரே அமைப்பை அறுபது டவுன்கள் ஆடினால், நல்ல குவார்ட்டர்பேக் முதல் கால்பகுதி முடிவதற்குள் விடையைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் இரண்டாவது அமைப்பும் வேண்டும். அதில் எண்ட் டைவை விட்டுவிட்டுக் குவார்ட்டர்பேக்குக்காகக் காத்திருப்பார். உள் லைன்பேக்கர் முன்னேறி டைவை அடிப்பார். மூன்றாவது அமைப்பில் எண்ட் டைவ் மீது கடுமையாகப் பாய, உள் லைன்பேக்கர் அவருக்குப் பின்னால் சுற்றி வெளியே வந்து, பந்தை உருவிய குவார்ட்டர்பேக்கின் முகத்துக்கு நேரே நிற்பார். குவார்ட்டர்பேக் சரியான முடிவையே எடுத்திருப்பார். ஆனால் அந்த முடிவுக்கு அப்பால் காலியிடம் இராது. கோட்டுக்குப் பின்னால் வீழ்த்தும் வாய்ப்பு பெரும்பாலும் இந்த மாற்றத்திலிருந்தே வருகிறது. எந்த அமைப்பு என்பது ஸ்னாப்புக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எண்ட் மட்டும் தானாக முடிவுசெய்து மாறினால் ஒருவருக்கு இரண்டு பேர் வருவார்கள். மற்றவருக்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

டைவை முதலில் நிறுத்த வேண்டும் என்பதில் பயிற்சியாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஃபுல்பேக் நான்கு யார்டு எடுத்துக்கொண்டே போனால் மற்ற இரண்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தற்காப்பு முன்வரிசையின் நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிள், எதிரே நிற்கும் தடுப்பாளர்களான சென்டரையும் கார்டையும் சேர்த்துப் பிடித்துவைத்து, அவர்களில் ஒருவர் லைன்பேக்கரை நோக்கிப் போவதைத் தாமதப்படுத்தினாலே தன் வேலையைச் செய்தவராகிறார். புள்ளிவிவரத்தில் அவர் பெயர் வராது.

எண்டின் அரை நொடி

இந்தத் தற்காப்பில் நான் அதிகப் பயிற்சி நேரம் ஒதுக்கச் சொல்வது எண்டுக்குத்தான். எதிரே உள்ள டேக்கிள் அவரைத் தொடாமல் உள்பக்கமாக லைன்பேக்கரை நோக்கி நழுவும்போது, எண்ட் அந்த டேக்கிளின் இடுப்பில் கைவைத்துத் தள்ளியபடி அவருடனேயே ஓரடி உள்ளே நகர வேண்டும். இதனால் லைன்பேக்கருக்கு வரும் தடுப்பு கெடுகிறது. டைவ் ஓட வேண்டிய இடைவெளியும் குறுகுகிறது. இப்படி நகரும்போது தோள்கள் கோட்டுக்கு இணையாகவே இருக்க வேண்டும், இடுப்பு திரும்பக் கூடாது. பந்து ஃபுல்பேக்கின் வயிற்றில் இருக்கும் அந்த அரை நொடியில் குவார்ட்டர்பேக் தேடுவது திரும்பிய தோளை மட்டுமே. தோள் நேராக இருந்து கால்கள் உள்ளே நகர்ந்தால் அவருக்குக் கிடைக்கும் விடை தெளிவில்லாமல் போகிறது. கொடுப்பதா, உருவுவதா என்று அவர் ஒரு கணம் தயங்கினாலும் இரண்டு கைகளுக்கிடையே பந்து தவறக்கூடும்.

பிட்ச்சைக் காக்கும் பக்கத்தில் குவார்ட்டர்பேக்கைச் சந்திக்கும் வீரருக்கு இரண்டு வழிகள் உண்டு. நேரே பாய்ந்து அடித்தால் பிட்ச் அவசரமாக வெளியேறும். பின்னோக்கித் தட்டப்பட்ட பந்தைப் பிடிக்காவிட்டால் அது யாருக்கும் சொந்தமில்லாத பந்து என்பதால் தற்காப்புக்கு ஆதாயமும் கிடைக்கலாம். மற்றொரு வழி, தோள்களைத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்ந்து, பாய்வதைப் போலக் காட்டிப் பாயாமல், குவார்ட்டர்பேக்கை ஓரக்கோட்டை நோக்கி ஓடவிடுவது. அவர் ஓடும் ஒவ்வொரு அடியும் பின்னாலிருந்து துரத்தி வருபவர்களுக்கு நேரம் கொடுக்கிறது. முதல் இரண்டு டவுன்களில் இரண்டாவது வழியே சிறந்தது என்பது என் கருத்து. நீண்ட தூரம் தேவைப்படும் டவுனில் முதல் வழியைச் சில முறை கலந்துகொள்ளலாம்.

பின்வரிசையைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஸ்னாப்புக்குச் சற்று முன் ஒரு ஸ்லாட்பேக் உள்பக்கமாக நகரத் தொடங்குவார். ஆட்டம் பெரும்பாலும் அவர் போகும் திசையிலேயே நடக்கும். அதைப் பார்த்து இரு சேஃப்டிகளும் அந்தப் பக்கம் ஓடினால், திரும்பிவரும் கவுன்ட்டர் ஆப்ஷன் காலியான பக்கத்தில் வந்து சேரும். எனவே ஸ்லாட்பேக் போகும் பக்கத்துச் சேஃப்டி மட்டும் முன்னேற வேண்டும். மறுபக்கத்தவர் பந்து கோட்டைக் கடக்கும் வரை தன் இடத்தை விடக் கூடாது. பாஸ் அரிதாகவே வரும், ஆனால் வரும்போது டச்டவுனுக்காகவே வரும். தன்னைத் தடுக்க வர வேண்டிய ஸ்லாட்பேக் தன்னைத் தாண்டி ஓடுகிறார் என்றால் அது பாஸ் என்பதைச் சேஃப்டி நொடியில் உணர வேண்டும். ஓரத்தில் ரிசீவருக்கு எதிரே நிற்கும் கார்னர்பேக்கோ, அந்த ரிசீவர் தன்னை உண்மையாகவே தடுக்கத் தொடங்கிப் பந்தும் கோட்டைக் கடக்கும் வரை ஓட்டத்தைப் பற்றி நினைக்கவே கூடாது.

பயிற்சி வாரம்

முழங்காலைக் குறிவைத்து வரும் தடுப்பு ஆப்ஷன் அணிகளின் பழைய ஆயுதம். 2022 முதல், சாதாரண ஆட்டத்தில் இடுப்புக்குக் கீழே தடுக்கும் உரிமை முன்வரிசையின் நடுப்பகுதியான டேக்கிள் பாக்ஸுக்குள், லைன்மேன்களுக்கும் அசையாமல் நின்ற பேக்குகளுக்கும் மட்டுமே உண்டு. ஓரத்தில் நிற்கும் கார்னர்களுக்கும் சேஃப்டிகளுக்கும் இது பெரிய நிம்மதி. 2023-ல் ஆர்மி, குவார்ட்டர்பேக் சற்றுப் பின்னால் நின்று பந்தைப் பெறும் ஷாட்கன்னை நோக்கி நகர்ந்தது. அடுத்த ஆண்டே பழைய வழிக்குப் பெருமளவு திரும்பி 12 வெற்றிகளும் தன் கான்ஃபரன்ஸ் பட்டமும் பெற்றது. ஆகையால் விதி மாறியதை நம்பி இந்தப் பயிற்சியைத் தவிர்க்க முடியாது. முன்வரிசையும் உள் லைன்பேக்கர்களும், தாழ்ந்து வரும் தடுப்பாளரின் தலைக்கவசத்திலும் தோளிலும் கைகளை ஊன்றித் தரையை நோக்கி அமுக்கி, கால்களைப் பின்னால் இழுத்து மீண்டும் நகரப் பழக வேண்டும். பெரிய உடற்பயிற்சிப் பந்துகளை முழங்கால்களை நோக்கி உருட்டிவிட்டு இதைக் காயமின்றிப் பழக்கலாம்.

பயிற்சியில் எதிரணியாக நடிக்கும் வீரர்களால் ஆப்ஷனின் வேகத்தை அப்படியே காட்ட முடியாது. உங்கள் அணியின் மிக வேகமான ரிசீவர் ஒருவரைக் குவார்ட்டர்பேக்காக நிறுத்துங்கள். அவருக்கு எறியத் தெரிய வேண்டியதில்லை. முதல் இரண்டு நாள்களில் பந்தே இல்லாமல் ஆடச் செய்வது மிகவும் பயன்தரும். டைவ் ஓடுபவர், குவார்ட்டர்பேக், பிட்ச் ஓடுபவர் ஆகிய மூவரும் ஒவ்வொரு முறையும் முழு வேகத்தில் ஓட, மூவரும் வீழ்த்தப்பட்டார்களா என்பதை மட்டும் பாருங்கள். கண்கள் துரத்துவதற்குப் பந்து இல்லாதபோது வீரர்கள் தங்கள் ஆளைத் தேடக் கற்றுக்கொள்கிறார்கள். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்புக்குள் இதற்கு இடம் கண்டாக வேண்டும். கூடுதல் நாள்கள் கிடைத்தால் பலன் கண்கூடாகத் தெரியும். சில வாரங்கள் தயாராகி வந்த அயோவா, 2010 ஜனவரியில் நடந்த ஆரஞ்சு பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியா டெக்கை மொத்தம் 155 யார்டுக்குள் அடக்கி 24-14 என வென்றது.

உங்கள் தாக்குதல் அணிக்கும் இதில் பங்குண்டு. வழக்கமான ஆட்டத்தில் கிடைப்பதைவிடச் சில வாய்ப்புகள் குறைவாகவே கிடைக்கும் என்பதால், கோலுக்கு அருகில் வந்தும் டச்டவுன் இல்லாமல், உதைத்துப் பெறும் மூன்று புள்ளியோடு திரும்புவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். இரண்டு டச்டவுன் முன்னிலை கிடைத்துவிட்டால் எதிரணியின் கடிகாரமே அதற்கு எதிராக ஓடத் தொடங்கும்; பழக்கமில்லாத பாஸை எறிய வேண்டிய கட்டாயமும் வரும். கடைசியாக, நான்காவது டவுனுக்கு இரண்டு யார்டு என்ற நிலைக்கென்றே ஓர் அமைப்பை ஆட்டம் முழுவதும் ஒளித்துவையுங்கள். அந்த டவுனில் எதிரணி பெரும்பாலும் ஃபுல்பேக்கையோ, குவார்ட்டர்பேக் நேரே நுழையும் ஓட்டத்தையோதான் நம்பும். எனவே இரு எண்டுகளும் உள்ளே பாய, உள் லைன்பேக்கர்கள் ஸ்னாப்போடு இடைவெளிகளில் நுழைய, பிட்ச்சைச் சேஃப்டிகளின் பொறுப்பில் விட்டுவிடலாம். முதல் முறை அந்த நிலை வரும்போது நேர இடைவேளை கேட்கத் தயங்காதீர்கள்.