ஆற்று மலையிடுக்கில் தனியாக ஒரு நாள் நடை: முதல் தடவை போகிறவர்களுக்கு

முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் உங்கள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். இடுக்குக்குள் சிக்னலை நம்ப முடியாது, பாறைச் சுவர்கள் வானத்தை மறைப்பதால் ஜிபிஎஸ் கூடத் தடுமாறும். காகித வரைபடம் கையில் இருக்கட்டும்.

அடுத்தது வானிலை. நீங்கள் நடக்கும் இடத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது, ஆறு புறப்பட்டு வரும் மேல்மலைக்கும் பாருங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் காயும்போதே, எங்கோ மேலே பெய்த மழை வெள்ளமாக இறங்கி வரும். அங்கே இடிமழை என்று போட்டிருந்தால் அன்றைக்குப் போகவேண்டாம்.

நேரக் கணக்குக்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன வழி உண்டு: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது நல்ல பாதைக்கு. ஆற்றுப் பாறைகளில் தாவித் தாவிப் போகும்போது அதில் பாதி வேகம் வந்தாலே பெரிது. அதனால் திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள், 12 மணி என்றால் 12 மணிதான். அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று மனசு இழுக்கத்தான் செய்யும்! இடுக்குக்குள் சீக்கிரமே இருட்டிவிடும் என்பதால் தலைவிளக்கு கட்டாயம்.

சரி, ஆற்றைக் கடப்பது. குறுகலான இடம் சுலபமாகத் தெரியும், ஆனால் அங்கேதான் ஆழமும் இழுப்பும் அதிகம். அகலமாகப் பரந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள், அதற்குக் கீழே அருவியோ விழுந்த மரமோ இருக்கக் கூடாது. பையின் இடுப்பு, மார்பு வார்களைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழலாம். ஷூவைக் கழற்றாதீர்கள். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகருங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் தனி ஆள் இறங்க வேண்டாம். பனி உருகி ஓடும் ஆறு என்றால் காலையில் கணுக்கால் அளவு இருந்தது மாலையில் தொடை வரை ஏறியிருக்கும், திரும்பி வரும் வழியையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ உடனே சரிவில் மேலே ஏறுங்கள். ஆற்றோடு சேர்ந்து கீழே ஓடாதீர்கள், தண்ணீர் உங்களை முந்திவிடும்.

கால் பிசகி நடக்க முடியாமல் போனால் விசில்: ஒரு நிமிடத்தில் 6 முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி 6.

அப்புறம், வெளியே வந்து சிக்னல் கிடைத்ததும் அந்த எழுதிக் கொடுத்த ஆளுக்கு முதலில் போன் போடுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.