உத்யம் பதிவு: முதலில் ஓடிபி யார் போனுக்கு வருதுன்னு பாருங்க

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் இட்லிப்பொடியும் பருப்புப்பொடியும் அரைத்து விற்கிறேன். நாலு வருஷ வியாபாரம், ஆனால் காகிதத்தில் நான் வெறும் 'இல்லத்தரசி'. கடன் கேட்கப் போன இடத்தில் "உத்யம் இருக்கா?" என்றார்கள். சிறுதொழில்களுக்கு மத்திய அரசு ஆன்லைனில் தரும் பதிவு அது. உட்கார்ந்தால் இருபது நிமிஷ வேலை. எனக்குப் பதினெட்டு நாள் ஆச்சு. ஆதார், பான், பேங்க் பாஸ்புக் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பதிவு முழுக்க இலவசம், 2020 ஜூலையில் தொடங்கியதிலிருந்தே. கூகுளில் தேடினால் அரசு முத்திரை மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு காசு கேட்கும் தளங்கள் வரும். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியாவிட்டால் மூடிவிடுங்கள்.

படி 1: ஆதாரில் யார் நம்பர்?

நான் விழுந்த இடம் இதுதான். ஆதார் எடுத்தபோது எனக்குப் போனே கிடையாது, வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்திருந்தோம். அவர் லாரி டிரைவர். நான் பட்டனை அமுக்கும்போது வண்டி வாளையார் தாண்டி சேலத்துப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். அவர் ஓரங்கட்டித் திரும்பக் கூப்பிடுவதற்குள் ஓடிபி காலாவதி. மூன்று நாள் இதே கூத்து. நாலாவது நாள், "என் பேர்லயே போட்டுடலாமே புள்ள, சுலபமா முடியும்" என்றார். நல்ல மனசோடதான் சொன்னார். ஆனால் போட்டால் தொழில் அவருடையது ஆகிவிடும். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு மத்திய அரசு மானியத்தோடு கிடைக்கும் பி.எம்.இ.ஜி.பி. கடனையே பாருங்கள்: கிராமத்தில் பொதுப் பிரிவு ஆணுக்கு மானியம் 25 சதவீதம், கைக்காசு 10 சதவீதம். பெண்ணுக்கு எந்தப் பிரிவானாலும் மானியம் 35, கைக்காசு 5. பேரை விட்டுக்கொடுத்தால் அதுவும் போச்சு.

அட்சயா மையத்துக்கு (கேரள அரசின் இ-சேவை மையம்) போய் விரல் வைத்து என் நம்பரை ஏற்றினேன். அது பதிவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அயல்கூட்டத்தில் (எங்கள் பெண்கள் குழு) விசாரித்தால் பாதிப்பேருக்கு வீட்டுக்காரர் நம்பர், இரண்டு அக்காமாருக்கு மகன் நம்பர், அதில் ஒரு மகன் துபாயில்! இதைச் சரி பண்ணாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: பான்

நிறுவன வகையில் 'ப்ரொப்ரைட்டரி' (தனி ஆள் நடத்தும் தொழில்) தேர்ந்தெடுங்கள். அடுத்து பெயர். நம்ம ஊர் இனிஷியல் இங்கே வம்பு பண்ணும். கல்யாணத்துக்கு அப்புறம் என் ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல். பான் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது. பானில் இனிஷியல் செல்லாது என்பதால் அப்பா பேரே முழுசாகப் பின்னால் ஒட்டியிருக்கும். நான் ஆதாரில் உள்ளபடி அடித்தேன், ஏற்கவில்லை. பான் அட்டையில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அடித்ததும் நகர்ந்தது.

படி 3: மற்றவை

மொபைல், ஈமெயில் இரண்டும் உங்களுடையதாக இருக்கட்டும். கம்ப்யூட்டர் சென்டரில் அடிக்கக் கொடுத்தால் அவர்கள் ஈமெயிலைப் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் திருத்தம் செய்ய அவர்கள் கடைவாசலில் நிற்க வேண்டும். நானே லேப்டாப்பில் அடித்தேன். போனில் வேண்டாம், நீளமான பட்டியல்களில் கை தவறும்.

தொழில் முகவரியில் பாலக்காடு, பேங்க் விவரத்தில் பொள்ளாச்சிக் கணக்கு. எல்லை தாண்டியதால் ஒரு சிக்கலும் வரவில்லை. ஜாயின்ட் அக்கவுண்ட் மட்டும் வேண்டாம், தனிக்கணக்கே நல்லது.

என்.ஐ.சி. குறியீடு (என்ன தொழில் என்று காட்டும் எண்): மசாலா, பொடி அரைப்புக்கு 10795. அப்பளத்துக்கு 10796.

வேலை செய்பவர்கள் எண்ணிக்கையை ஆண், பெண் என்று தனித்தனியாகக் கேட்பார்கள். யோசிக்காமல் பூஜ்யம் போட்டேன். பக்கத்தில் நாத்தனார் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மாசாமாசம் அவளுக்குக் கூலி கொடுக்கிறேன், அவள் எதில் சேர்த்தி? அழித்துவிட்டுப் பெண்கள் கட்டத்தில் எண்ணிக்கை போட்டேன்.

கடைசியில் இன்னொரு ஓடிபி, பதிவு எண், சான்று. அச்செடுத்து வையுங்கள்.

பின்சேர்க்கை: வேலந்தாவளத்துத் தோழி கேட்டாள், உத்யம் இருந்தால் உணவு உரிமம் வேண்டாமா என்று. வேண்டும், அது வேற. நான் எடுத்தபோது 12 லட்சத்துக்குள் விற்பனை என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அடிப்படைப் பதிவு, வருஷத்துக்கு 100 ரூபாய். அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும், கூடவே சைவத்துக்கான பச்சைப் புள்ளியும். நான் எண் கைக்கு வரும் முன்பே ஆயிரம் கவர் அடித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

இன்னொருத்தர் பஞ்சாயத்து மனுவை மலையாளத்தில் எழுத ஆள் தேடினார். தேவையில்லை, தமிழிலேயே கொடுக்கலாம். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமை உண்டு. "மலையாளத்துல எழுதிட்டு வாங்க" என்று திருப்பினால் சட்டத்தின் பேரைச் சொல்லுங்கள். நான் சொன்னேன், கொஞ்சம் முறைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.