விகிதமுறு குலமா என்று சோதிப்பது எப்படி? மூன்று தயிர்ச்சட்டிகளோடு ஒரு செய்முறை

மட்டக்களப்பில் எங்கள் வீட்டு விறாந்தையில் குலக் கோட்பாடு (ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும் மீட்கவும் கூடிய மாற்றங்களின் தொகுப்பான ‘குலம்’ பற்றிய கணிதம்) படிக்க வரும் பிள்ளைகளுக்காக, எருமைத் தயிர் தீர்ந்த மூன்று மண்சட்டிகளைக் கழுவி வைத்திருக்கிறேன். அவற்றில் 1, 2, 3 என்று சோக்கால் எழுதி வரிசையாக வையுங்கள்; அவற்றை இடம்மாற்றும் ஆறு வழிகளும் சேர்ந்து மூன்றின் சமச்சீர்க் குலமாகின்றன.

முதலில் வரையறை. குலத்திலுள்ள ஒவ்வொரு மாற்றமும் ஓர் உறுப்பு. ஓர் உறுப்பைக் குறைந்தது எத்தனை முறை செய்தால் தொடக்க நிலை திரும்புமோ அதுவே அதன் வரிசை; அதை இரண்டு முறை செய்வது இரண்டாம் அடுக்கு, மூன்று முறை செய்வது மூன்றாம் அடுக்கு. வேறோர் உறுப்பைச் செய்து, பின் இதைச் செய்து, பின் அந்த வேறு உறுப்பை மீட்டால் கிடைப்பது இதற்கு இணையியம். ஓர் உறுப்பின் வரிசையோடு 1ஐத் தவிரப் பொதுக்காரணி இல்லாத அடுக்குகளை எடுக்கும்போது, அவ்வடுக்குகள் யாவும் அக்குலத்துக்குள்ளேயே அவ்வுறுப்புக்கு இணையியமாக இருக்க வேண்டும். எல்லா உறுப்புகளுக்கும் இது பொருந்தினால் அது விகிதமுறு குலம். குலத்தின் கேரக்டர் அட்டவணையிலுள்ள (உறுப்புகளை அணிகளாக எழுதும்போது அவற்றின் மூலைவிட்டக் கூட்டல்களாக வரும்) எண்கள் யாவும் விகிதமுறு எண்களாக இருப்பதும் இதுவும் ஒன்றே.

அடுத்து, சட்டிகளை ஓரிடம் வலப்புறம் சுழற்றுங்கள்: 123 என்பது 312 ஆகும். இதன் வரிசை 3. ஆகவே சோதிக்க வேண்டியது இரண்டாம் அடுக்கு மட்டுமே, அது 231ஐத் தரும். இப்போது மறுபடி 123இல் தொடங்கி, முதலிரு சட்டிகளை இடம்மாற்றி (213), வலப்புறம் சுழற்றி (321), மீண்டும் முதலிரண்டை இடம்மாற்றினால் 231 வந்து நிற்கும். சுழற்சியும் அதன் இரண்டாம் அடுக்கும் இணையியம் என்பதைக் கையாலேயே கண்டுவிட்டீர்கள். இருசட்டி மாற்றங்களின் வரிசை 2 என்பதால் அங்கே சோதிக்க எதுவுமில்லை.

எத்தனை சட்டிகளானாலும் சமச்சீர்க் குலம் விகிதமுறு குலமே. வரிசையோடு பொதுக்காரணி இல்லாத அடுக்கு, சட்டிகள் ஒன்றின் இடத்துக்கு ஒன்றாகச் சுற்றிவரும் சுழல்களின் நீளங்களை மாற்றாது. நீளங்கள் ஒத்த வரிசைமாற்றங்கள் அங்கே எப்போதும் இணையியமாக இருக்கும்.

அடுத்த படியில்தான் பிள்ளைகள் அதிகம் தவறுகிறார்கள். சுழற்சிகள் மூன்றை மட்டும் (எதையும் நகர்த்தாததும் அதில் ஒன்று) உட்குலமாக, அதாவது குலத்துக்குள் தானே ஒரு குலமாக நிற்கும் பகுதியாக எடுங்கள். இணையியமாக்க உதவிய இருசட்டி மாற்றம் இப்போது கையில் இல்லை. எஞ்சிய உறுப்புகள் ஒன்றோடொன்று பரிமாறத்தக்கவை (எதை முதலில் செய்தாலும் விளைவு ஒன்றே) என்பதால் சுழற்சி தனக்கு மட்டுமே இணையியம். எனவே இவ்வுட்குலம் விகிதமுறு குலமன்று. அதன் கேரக்டர் அட்டவணையில் 1இன் சிக்கலெண் மூன்றாம் மூலங்கள் தோன்றுகின்றன. கேலியின் தேற்றப்படி எந்த முடிவுறு குலமும் ஏதோவொரு சமச்சீர்க் குலத்துக்குள் அடங்கும் என்பதால், தாய்க்குலத்தின் பண்பை வைத்து உட்குலத்தைத் தீர்மானிக்கவே இயலாது.

நான்காவது சட்டி ஒன்றைச் சேர்த்து நீங்களே தொடருங்கள். 24 மாற்றங்களுக்குள், சதுரத்தின் சமச்சீர்களான 8 கொண்ட உட்குலம் விகிதமுறு குலம். இரட்டை வரிசைமாற்றங்களான (இருசட்டி மாற்றங்களை இரட்டைப்படை எண்ணிக்கையில் செய்து பெறுபவை) 12 கொண்டதோ அப்படியன்று. பின்னதில் மூன்று சட்டிச் சுழற்சி ஒன்றை அதன் நேர்மாறோடு (எதிர்த்திசைச் சுழற்சியோடு) இணையியமாக்கும் உறுப்பைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.